அப்பாவின் கிதாருக்கு என்ன விலை

பூந்தமல்லியில் பழைய இசைக்கருவிகள் வாங்கும் கடையில் அப்பாவின் எலக்ட்ரிக் கிதார் பெட்டியைத் திறந்ததும் மெஷின் ஆயில் வாசனை வந்தது. ஆவடி ஃபேக்டரியிலிருந்து அப்பாவோடு வீட்டுக்கு வரும் அந்த வாசனை எந்த சோப்புக்கும் போகாது.

நான் சின்னவளாக இருந்தபோது ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஷிப்ட் முடிந்து வந்ததும் அப்பா ஜன்னல்களைச் சாத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே வாசிப்பார். கொசு பாடுவதுபோல் இருக்கும். கழுத்தில் வியர்வை வழிய நான் கிதார் கட்டையில் காதை வைத்துக் கேட்பேன்.

ஒருநாள் மெல்லிசைக் குழு ஒன்று ஊர் ஊராக வாசிக்க அவரைக் கூப்பிட்டது. ஷூ மாட்டிக்கொண்டு பெட்டியோடு வாசல்வரை போய்விட்டார். அம்மா கத்தவில்லை.

"வேலைய உட்டா இந்த ஊடும் போயிடும். புள்ளைங்கள இட்டுனு நான் எங்க போறது?"

அப்பா ஷூவைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் வழக்கம்போல ஷிப்டுக்குப் போனார்.

இப்போது அவர் விரல்கள் மடங்குவதில்லை. அவரேதான் விற்கச் சொல்லி அனுப்பினார்.

கடைக்காரர் கிதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா வாசிச்சிகீறாரு. ஆனா வெளிய எங்கியும் எடுத்துகினு போவல போல, அக்கா. ஒரு கீறல் இல்ல. அதான் நல்ல வெல போவும்."

போன் செய்து விலையைச் சொன்னேன். அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "இன்னாத்துக்கும்மா அவ்ளோ தர்றான்?"

"ரொம்ப பத்திரமா வெச்சிருக்கீங்களாம்பா."



"ஆமாம்மா. பத்திரமாவே இருந்துட்டேன்" என்றார். "குடுத்துட்டு வா."