உள்ளே இருந்துகொண்டே வெளியில்

பத்து ஜோடி செருப்புகளையும் வாசல் பார்த்தபடி திருப்பி அடுக்கிவிட்டு, கம்ப்யூட்டர் இருக்கும் குளிர் அறையின் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார் வராண்டா வேலையாள் துலுக்காணம். மணவாள நகரை ஒட்டிய அந்தத் தொழிற்சாலைக்கு எழுபத்தெட்டில் கம்ப்யூட்டர் வந்தது. தூசி ஆகாது என்று செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். அன்றிலிருந்து அவருக்கு அந்த அறை சந்நிதி.

"கற்பூரம் ஒண்ணுதான் பாக்கி நைனா" என்பாள் டீ கொண்டுவரும் அஞ்சம்மாள்.

"அதுவும் கொளுத்துவேன். மேனேஜர் சாரு திட்டுவாரு."

மூன்று மணி நேரம் ஓடும் சரக்குப் பட்டியல் ஒரு நாள் ஒரே மணி நேரத்தில் முடிந்தது. அதற்கு நிரல் எழுதும் வரதனிடம் போய், "இன்னா சார், மிஷினு பறக்குது?" என்றார்.

"பட்டியல வெளியில வெச்சிட்டேண்ணா. மிஷின் தானா பார்த்துக்கிற எடத்துல வெச்சா, நடுநடுவுல வேலைய நிறுத்திட்டு, எது வேணும் எது வேணாம்னு பொறுக்கிக்கினே இருக்கும். வீரராகவர் கோயில்ல செருப்புக்கு டோக்கன் வாங்கினா வரிசையில நிக்கணும்ல? செவுத்தோரம் நாமளே விட்டா சட்டுனு போயிடலாம். ஆனா நாமதான் மறக்காம எடுக்கணும். வேற யாரும் எடுக்க மாட்டாங்க."

"வெளியிலன்னா, வராண்டாவுலயா சார்?"

"மிஷினோட ஞாபகத்துக்குள்ளதாண்ணா. அது தானா பார்த்துக்கிற எடத்துக்குத்தான் வெளியில."

"உள்ளயும் கீது, வெளியிலயும் கீது. பெருமாளு மாரியா?"

வரதன் சிரித்தான். துலுக்காணத்துக்கு அது விளங்கவே இல்லை. மறுநாளிலிருந்து, எதுவும் எடுக்காமல் கிடக்கிறதா என்று, வாசல் மிதியடியைக்கூட ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உதறினார்.

மாதக் கடைசியில், மதியச் சாப்பாட்டு வேளையில் இயந்திரம் நின்றுபோனது. மேலாளர் துளசிராமன் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"வெளியில வெச்சத எவன்யா எடுக்காம வுட்டது? எடமெல்லாம் ரொம்பி மிஷினே நின்னு போச்சு."

வராண்டாவில் துலுக்காணம் மட்டும்தான் இருந்தார்.

"வெளியில இருக்கிறதெல்லாம் நான்தான் சார் பார்த்துக்கிறது. எது பாக்கி நின்னுச்சுன்னுதான் தெரில."

"அப்ப அதையே எழுதிக் குடு."

நாலு வருஷமாகத் தற்காலிக வேலை. நிரந்தரமாக்கும் பட்டியல் சனிக்கிழமை போகிறது. இந்தக் கடிதமும் கூடவே போனால் அவர் பெயரை அடித்துவிடுவார்கள். வெள்ளைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு, தான் எடுக்க மறந்தது எது என்று யோசித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

சாப்பிட்டு வந்த வரதன் விஷயத்தைக் கேட்டான். முகம் சுருங்கியது. தாளை வாங்கி நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"பட்டியல வெளியில வெச்சவன் நான். எடுக்க மறந்தவனும் நான்தாண்ணா. உங்க மேல ஒண்ணுமில்ல. இத அவருகிட்ட குடுத்துடுங்க."

துலுக்காணம் அந்த வரிகளை விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். பாதி புரிந்தது. வரதனின் பெயர் மட்டும் தாளின் கடைசியில், ஜோடி இல்லாத செருப்புபோல, ஒற்றையாக நின்றது. அவன் பேனாவைக் கேட்டு வாங்கினார். அந்தப் பெயருக்குக் கீழே, ஐந்தாம் வகுப்பு எழுத்தில், அழுத்தி அழுத்தித் தன் பெயரையும் எழுதி, மை காய ஊதினார்.