என் பாஸ்வேர்டு அண்ணாச்சியிடம் இருந்தது

பிரிண்டரிலிருந்து சூடாக வந்து விழும் தாளின் வாசனை வந்தால் இன்றைக்கும் நான் மணியைப் பார்ப்பேன். தச்சநல்லூரில் எங்கள் தெருமுனையில் இருந்த பிரவுசிங் "சென்டர்" முழுக்க அந்த வாசனைதான். பிளஸ் டூ முடித்த வருஷம் மார்க் ஷீட்டும் சாதிச் சான்றிதழும் வைத்த பிளாஸ்டிக் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் அங்கே நின்றிருக்கிறேன். கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு என்ன புத்தி சொல்லலாம் என்று யாராவது கேட்டால், எந்தப் படிப்பு நல்லது, எந்தக் கல்லூரி நல்லது என்றெல்லாம் நான் ஆரம்பிப்பதில்லை. அந்த ஆடி மாதத்தில் ஒரு நாள் நான் பட்ட பாட்டைத்தான் சொல்கிறேன்.

புத்தி சொல்ல எனக்கு ஆளுக்கா பஞ்சம்? "கம்ப்யூட்டர் எடு, ஏசியில உக்காந்து வேல பாக்கலாம்" என்றார் பெரியப்பா. "பொம்பளப் புள்ளைக்கு டீச்சர் வேலதான் தோது" என்றாள் அத்தை. பாஸ்வேர்டை உன் கையில் வைத்துக்கொள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. பொறியியல் கலந்தாய்வுக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தது சென்டர் அண்ணாச்சிதான். நல்ல மனுஷர். ஆளாளுக்கு நம்பர் கேட்டுக்கொண்டிருப்பது தொந்தரவு என்று, எல்லா விண்ணப்பத்திலும் தன் போன் நம்பரையே போட்டுவிட்டார். பாஸ்வேர்டுகளை நீள நோட்டு ஒன்றில் எழுதி மேஜைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். கல்லூரிகளின் விருப்பப் பட்டியல் போடவேண்டிய நேரம் வந்ததும், கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றை முதலாவதாக எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சென்டருக்குப் போய்வந்தார்.

பட்டியலை மாற்றக் கடைசி நாள், மாலை ஐந்து மணி வரை. அன்று காலையில் கூடப் படித்த செல்வி போன் செய்து, "ஒன் லிஸ்ட்ட நீ கண்ணால பாத்தியா?" என்றாள். இல்லை என்றேன். "அய்யோ, ஒண்ணு தப்பாப் போட்டாலும் நாலு வருஷம் போச்சுட்டி" என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தால் சென்டர் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. அண்ணாச்சி ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பத்தோடு திருச்செந்தூர் போய்விட்டாராம். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. லோடு வண்டியில் போய்க்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டேன். "அதெல்லாம் சரியாத்தான் இருக்கும், பேசாம வீட்ல இரு" என்று வைத்துவிட்டார். ரேஷன் கார்டு ஒரு நிமிஷம் கண்ணில் படாவிட்டால்கூட வீட்டைத் தலைகீழாக்குகிற மனுஷர் அன்றைக்குப் பதறாமல் பேசியது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். "கெளம்பு" என்றாள்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. காவடிக்காரர்களுக்கு நடுவில், ஒவ்வொரு நிறுத்தத்திலும் மணியைப் பார்த்துக்கொண்டு, "முருகா, அஞ்சு மணிய கொஞ்சம் பைய வரச் சொல்லு" என்று வேண்டிக்கொண்டே போனேன். எங்கள் தெருக்காரர்கள் வழக்கமாக இறங்கும் மடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. அண்ணாச்சி தரிசன வரிசையில் நின்றார். அவர் மனைவி, கூட வந்தவர்கள் அத்தனை பேருடைய போன்களையும் மடியில் வைத்துக்கொண்டு ஈரத்துணிகளுக்குக் காவல் இருந்தார். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அம்மாவின் போனில் அமுக்கினேன். ஓடிபி அண்ணாச்சியின் போனுக்குத்தானே வரும்? வந்தது. ஒன்றல்ல, நாலைந்து. கடைசி நாள் அல்லவா, எங்கள் தெருப் பிள்ளைகளெல்லாம் எங்கெங்கோ உட்கார்ந்து என்னைப் போலவே அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"ஏ யாத்தா, நம்பரா வந்து விழுது! இதுல ஒன்னுது எதுட்டி?" என்று அண்ணாச்சியின் மனைவி கண்ணைச் சுருக்கினார்.

ஒன்றைப் போட்டேன், தப்பு. இன்னொன்றைப் போட்டேன், அதுவும் தப்பு. மூன்றாவதும் தப்பானால் பூட்டிவிடும் என்று திரையில் சிவப்பாக வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா அண்ணாச்சியின் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, மெசேஜ் வரும் சத்தம் ஓயும்வரை பொறுத்திருந்து, "இப்ப அமுக்கு. அடுத்து வாரதுதான் ஒன்னுது" என்றாள். திறந்துகொண்டது.

பட்டியலில் ஏழு கல்லூரிகள். ஏழும் திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம். காலையில் போனால் மாலையில் வீடு திரும்பிவிடலாம். கோயம்புத்தூர் எங்கேயும் இல்லை.

"அப்பாதான் எடுக்கச் சொன்னாவ" என்றாள் அம்மா, நான் கேட்காமலே. "எனக்கும் தெரியும்ட்டி. ஒன்ன அம்புட்டுத் தூரத்துல விட்டுட்டு எப்படி இருக்கதுன்னு நானும் வாய மூடிக்கிட்டேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் பயம்தான் வந்தது. மாற்றினால் அப்பா முகத்தில் எப்படி முழிப்பது, மாற்றாவிட்டால் என் முகத்தில் நான் எப்படி முழிப்பது? விரல் திரைக்கு மேல் அப்படியே நின்றது. வெயிலில் எழுத்துத் தெரியவில்லை என்று அம்மா முந்தானையை விரித்துப் போனுக்கு மேல் பிடித்தாள். "போடு. அப்பாட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள். கோயம்புத்தூரைத் தேடி முதலாவதாகப் போட்டு உறுதி செய்தபோது மணி நாலு ஐம்பது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "மாத்திட்டியா?" என்றார். தலையாட்டினேன். திட்டப்போகிறார் என்று அம்மாவை ஒட்டி நின்றேன். "எனக்குப் பயமா இருக்குட்டி" என்றார். அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். கோயம்புத்தூரிலேயே எனக்கு இடம் கிடைத்தது; தன் லோடு வண்டியிலேயே என் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய் விடுதி வாசலில் இறக்கினார்.

இப்போது சென்டர் இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். அந்த நீள நோட்டு எந்தப் பழைய பேப்பர் கடைக்குப் போனதோ. படிப்பு முடித்து ஊரிலேயே வேலை கிடைத்துத் திரும்பிவிட்ட நான், பட்டியல் போடத் தெரிந்த அக்காவாகிவிட்டேன். போன வாரம் எதிர்வீட்டு மும்தாஜ் போனை என்னிடம் நீட்டினாள். "அக்கா, தப்பாப் போட்டுருவனோன்னு இருக்கு. நீங்களே போட்டுருங்க."

முதலாவதாகச் சென்னை என்று எழுதி வைத்திருந்தாள். அவள் உம்மா வீட்டில் ஒற்றை ஆள், வாப்பா சவூதியில். பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றை மேலே தூக்கிப் போட்டால் என்ன என்று, சத்தியமாகச் சொல்கிறேன், என் விரல் குறுகுறுத்தது. அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சென்டருக்கு நடந்த அப்பாவின் பயம் இதுதான் போலிருக்கிறது. போனை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். "பாஸ்வேர்ட நீயே போடு. என்கிட்டயும் சொல்லாத" என்று சொல்லி, அவள் போட்டு முடிக்கும்வரை சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.