திரும்பி வர வேண்டிய டின்

அனோஜாவுக்குத் தன்மேல் சந்தேகம் வந்ததாக லிந்துலைப் பக்கத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தை மூன்றாம் தடவைதான் தாண்டினாள். "ஒரு தடவ எழுதினவளுக்கு ஒரு பேப்பர்தான் தெரியும், எனக்கு மூணும் தெரியும்" என்று அதையும் தகுதிக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். தேவாலயத்தில் பாட்டு சுருதி விலகினால் ஆர்மோனியக்காரரைத்தான் முறைத்துப் பார்ப்பாள். பாவம், அவரும் தன்மேல்தான் தப்பு என்று நம்பிப் பழகிவிட்டார்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவன் மேர்வின். ஒரு நாள் முழுக்க அவன் பேசுவதை ஒரு தீப்பெட்டிக்குள் அடக்கிவிடலாம். கினிகத்தேனைப் பக்கமிருந்து மாற்றலாகி, இங்கே தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் அறைக்கு மேற்பார்வையாளனாக வந்திருந்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் ஷாமிலா மெதுவாகப் பேச்சை எடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரி, அதே அறையில் வேலை செய்பவள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. சார் யாரோடயும் பேச மாட்டேங்கிறாரு. எங்க பேச்சையெல்லாம் கேட்டு மேல கொண்டு போய்ச் சொல்லத்தான் கம்பனி அனுப்பிருக்குன்னு நம்மாளுங்க நெனைக்கிறாங்க. அதான் பிளேன்டீ குடிக்கப் போறப்பக் கூட கூப்பிடுறதில்ல."

அனோஜா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"வீட்டுல கேஸ் சிலிண்டர் முடிஞ்சு போச்சுங்கிறதையே அடுத்த நாள்தான் சொல்லுவாரு. இவரு போய் யாருகிட்ட என்னத்தடி சொல்லப் போறாரு?"

சிரித்தாளே தவிர, அன்றிரவு முழுக்க அவளுக்கு அதே யோசனைதான். கூட வேலை செய்கிறவர்கள் ஒதுக்கி வைத்தால் எந்த மேற்பார்வையாளனும் நிலைக்க மாட்டான். அடுத்த மாற்றல் எங்கேயோ! ஆகவே பேசாத கணவனுக்குப் பதிலாகப் பேச ஏதாவது செய்து அனுப்புவதென்று முடிவெடுத்தாள். பட்டர் பிஸ்கட்.

மின்சார ஓவன் எல்லாம் அவளிடம் கிடையாது. தடித்த அலுமினியச் சட்டியில் மணலைக் கொட்டிச் சூடாக்கி, அதற்குள் தட்டை வைத்து மூடிச் சுட்டெடுத்தாள். யூடியூபில் சமையல் சொன்ன அம்மாள் ஏலக்காய்த் தூள் அரைத் தேக்கரண்டி போதும் என்றார். அனோஜா அதைக் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொண்டு, கைக்கு வந்த அளவு போட்டாள். வாசம் தோட்டத்துக் கோட்டர்ஸ் வீட்டு வரிசை முழுக்கப் போய், பூட்டிக் கிடந்த கடைசி வீட்டையும் தட்டிப் பார்த்திருக்கும்.

பிஸ்கட்டைப் பழைய டின் ஒன்றில் அடுக்கிக் கணவன் கையில் கொடுத்தாள்.

"என்னங்க, இது ஈரக் காத்து பட்டா நமுத்துப் போயிரும். நல்லாக் காஞ்ச எடமாப் பாத்து வைங்க. எல்லாருக்கும் குடுங்க. குடுக்கையில ஒரு வார்த்த பேசுங்க. டின்னத் திரும்பக் கொண்டு வரணும்."

"ம்."

டின்னில்தான் விஷயமே இருந்தது. பலகாரம் போன ஏனத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலும் இல்லை, கோட்டர்ஸிலும் இல்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். காலியாக வந்தால், உன்னை நாங்கள் இன்னும் வெளியாளாகத்தான் வைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

மேர்வின் சொல் தட்டாதவன். மழைக்காலத்து லிந்துலையில் காய்ந்த இடம் எங்கே இருக்கிறது? அவன் அறிந்த வரையில் ஒன்றே ஒன்றுதான்: தூள் சலிக்கும் அறையில், ருசி பார்ப்பதற்கான மாதிரித் தேயிலையை வைக்கும் அலமாரித் தட்டு. அங்கே வைத்தான். காய்ந்த தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசத்தையும் குடித்துவிடும் என்பது அங்கே வேலை செய்யும் எல்லாருக்கும் தெரியும். முகத்துக்குப் பவுடர் பூசி வந்தவர்களையே கழுவிவிட்டு வரச் சொல்லும் அறை அது. மேர்வினுக்கும் தெரியும். ஆனால் டின்னுக்கு மூடி இருந்தது. மனைவியின் கட்டளையும் இருந்தது. எல்லாரும் எடுத்துத் தின்ற பிறகு மிச்சத்தோடு டின் அன்றிரவு அங்கேயே இருந்துவிட்டது; மூடியைச் சரியாக அழுத்தாமல் போனவர் யார் என்பது இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை ஷாமிலா கொட்டும் மழையில் ஓடி வந்தாள்.

"அக்கா, மாட்டிக்கிட்டோம்! டீமேக்கர் ஐயா ருசி பாத்தாரு. தேயிலையெல்லாம் ஏலக்கா மணக்குதாம். டின்னப் புடிச்சுட்டாரு. யாரு கொண்டு வந்ததுன்னு கேட்டுக்கிட்டு நிக்கிறாரு."

வேறொருத்தியாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டிருப்பாள். அனோஜா குடையை எடுத்துக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவளைப் போலத் தொழிற்சாலைக்கு நடந்தாள். நடையில் மட்டும்தான் அந்தத் தைரியம். உள்ளே, வேலை நிரந்தரமாகாதவன் பெண்டாட்டி என்ற எண்ணம் கொஞ்சம் குடைந்துகொண்டுதான் இருந்தது.

தொழிற்சாலைக்கே பொறுப்பான டீமேக்கர் கந்தப்பன் நீளமான மேசையில் கோப்பைகளை வரிசையாக வைத்து உறிஞ்சுவதும் துப்புவதுமாக இருந்தார். ஓரத்தில் அவளுடைய டின். மேர்வின் சுவரோடு சுவராக நின்றான்.

"ஐயா, அந்த டின் என்னோடது. அவரத் திட்டாதீங்க."

"தெரியும்மா" என்றார் கந்தப்பன். "இதோ நிக்கிற ஷாமிலா அவங்க பெருநாள் பலகாரம்னு சொன்னா. ஒருத்தன் கோயில் பிரசாதம்கிறான். இன்னொருத்தன் அவன் தங்கச்சிக்குச் சடங்குங்கிறான். எனக்குத் தெரிஞ்சு அவனுக்குத் தங்கச்சியே இல்ல. ஒங்க வீட்டுக்காரரும் நான்தான்னாரு. அத்தோட நிறுத்திக்கிட்டாரு."

அனோஜா திரும்பிப் பார்த்தாள். சலிக்கும் அறை ஆட்கள் வாசலில் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி இல்லாதவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்குக் குடைச்சல் நின்றுவிட்டது. முதுகு தானாக நிமிர்ந்தது.

"ஏலக்கா எவ்வளவு போட்டீங்க?"

"தேவையான அளவு."

"யாருக்குத் தேவையான அளவு?"

"நல்ல வாயுள்ளவங்களுக்கு ஐயா. ஒங்க தேயிலைக்கு இவ்வளவு எளகின மனசுன்னு எனக்கு யாரும் சொல்லலயே."

வாசலில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். கந்தப்பன் கடைசிக் கோப்பையை எடுத்து உறிஞ்சினார். துப்பவில்லை.

"முழுங்கிட்டீங்களே ஐயா!"

"தொண்ட காஞ்சு கெடந்துச்சு" என்றார் அவர், முகத்தை மாற்றாமல். பிறகு மேர்வின் பக்கம் திரும்பினார். "மூட்டையெல்லாம் பாத்துட்டேன், தப்பிச்சுது. தட்டுல இருந்த மாதிரித் தூள் மட்டுந்தான் கெட்டுச்சு, வேற எடுத்துக்கலாம். ஆனா இன்னொரு தடவ ஒரு வாசம் உள்ள வந்துச்சு, தம்பி, நேரா தோட்டத்துத் தொரைகிட்டத்தான் போகும். கெட்டத எல்லாம் கொண்டு போய்க் கொட்டுங்க."

எங்கே கொட்டுவதென்று அவர் சொல்லவில்லை.

சாயந்திரம் மேர்வின் வீட்டுக்கு வந்து டின்னை மேசைமேல் வைத்தான். கனமாக இருந்தது. அனோஜா மூடியைத் திறந்தாள். விளிம்புவரை தேயிலை. அதற்கு நடுவில் யாரோ ஒரு பிடி சீனியைச் சின்னப் பையில் முடிந்து வைத்திருந்தார்கள்.

"ஐயா பாத்துட்டுத்தான் குடுத்து விட்டாரு" என்றான் மேர்வின். நிறுத்திவிடுவான் என்று அவள் நினைத்தாள். அவன் நிறுத்தவில்லை. "நாளைக்குப் பிளேன்டீக்கு என்னையும் கூப்பிட்டாங்க. வெளிக் கொட்டகையிலதான். பிஸ்கட்டும் கேட்டாங்க. உள்ள கொண்டு வராம அங்கயே வச்சுத் தின்னுக்கலாம்னாங்க. அப்புறம் அந்தத் தங்கச்சி கத இருக்கே..."

கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. அனோஜா கேட்டுக்கொண்டே தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்தத் தூளைப் போட்டு, சீனி கலந்து, முதல் வாய் குடித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா ஏலக்கா கொஞ்சம் கம்மி."