தனுஷ்கோடி அண்ணன் வீட்டு வோல்டேஜ்

தனுஷ்கோடி அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத எனக்கு நாலு வருடம் ஆகியிருக்கிறது. அவரைப் பிடிக்காமல் இல்லை. அவர் கிடாரிலிருந்து வருகிற சத்தம் எனக்கு வந்திருக்க வேண்டியது என்று அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மண்டபத்தில் விசைப்படகுகளுக்கு டீசல் என்ஜின் வேலை பார்க்கிறவர் அவர். முப்பத்தெட்டு வயது. அவருடைய அய்யா கடலுக்குப் போனவர். அண்ணனுக்குப் படகில் ஏறினால் வாந்தி வரும், அதனால் கரையிலேயே நின்றுவிட்டார். ஓடுகிற என்ஜின் மேல் ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, அதன் கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் அழுத்திக் கேட்பார். எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவார். சாயங்காலம் மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு நெய்னா முகம்மது பாயின் இன்னிசைக் குழுவில் கிடார் வாசிக்க வருவார். நானும் அந்தக் குழுவில்தான். மெட்டை முன்னால் நின்று வாசிக்கிற லீட் அவர், பின்னால் தாளத்துக்குத் துணை போடுகிற ரிதம் நான். பகலில் எனக்கு உச்சிப்புளியில் செல்போன் பழுது பார்க்கிற கடையில் வேலை.

மேடைக்கு எங்கள் இருவருக்கும் காலால் மிதிக்கிற எஃபெக்ட் பெட்டிகள் போதும். ஆனால் வீட்டில் ஆளுக்கொரு வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தோம். அது ஒரு பைத்தியம். கண்ணாடிக் குழல்கள் சிவந்து சூடேறிய பிறகு கெயின் குமிழைக் கூட்டிக்கொண்டே போனால் கம்பியின் சத்தம் கிழியும். இன்னும் கூட்டினால் அந்தக் கிழிசலே ஒரு குரலாகி நிற்கும். நிற்க வேண்டும். என்னுடையதில் நிற்கவில்லை.

என்னுடையது வெளிநாட்டுக்காரன் செய்தது. பெங்களூரில் ஒருவர் வைத்திருந்ததை வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அண்ணனுடையது இணையத்தில் கிடைத்த ஒரு படத்தைப் பார்த்து அவரே செய்தது. டிரான்ஸ்ஃபார்மரை மதுரையில் சுற்ற வைத்தார். கூடு, படகின் மேல்தளத்துக்கு அடிக்கிற பிளைவுட். முன்பக்கத் துணி அவர் மனைவி பூங்கோதை அக்காவின் பழைய சேலை. அதில் வாசித்தால் ஒவ்வொரு சுரமும் முதலில் கொஞ்சம் பின்வாங்கி, மூச்சு எடுத்து, பிறகு வீங்கி வரும். என்னுடையது தகரத்தைக் கத்தரியால் வெட்டுகிற மாதிரி நேராக வந்து அடிக்கும். கெயின், பாஸ், ட்ரெபிள், எல்லாக் குமிழையும் அவர் வைத்திருக்கிற இடத்திலேயே வைத்துப் பார்த்துவிட்டேன். அவர் போடுகிற கம்பி, அவர் கம்பியை மீட்டுகிற பிக். ஸ்பீக்கரைக்கூட மாற்றிப் பார்த்தேன்.

போன பிப்ரவரியில் நெய்னா பாய் ஒரு யோசனையோடு வந்தார். மேடையில் திரை விலகும்போது குழுவுக்கென்று ஒரு தொடக்க இசை வேண்டும், அதில் கிடார்தான் முன்னால் நிற்க வேண்டும், பதிவு செய்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு ஊரிலும் அதுதான் நம் முகம் என்றார். யார் வாசிப்பது?

"ரெண்டு பொட்டியையும் ஒரே இடத்துல வச்சுப் பாத்துருவோம். நான் திரும்பி உக்காந்துக்கிறேன். யாரு, எதுலன்னு சொல்லாதீங்க" என்றார் பாய்.

அண்ணன் வீட்டில் வைத்துக்கொண்டோம். ஐஸ் கம்பெனியைத் தாண்டி, அந்த கரண்ட் லைனில் கடைசி வீடு அவருடையது. மறுநாள் படகுகள் கடலுக்குப் போகிற நாள், ஐஸ் கம்பெனி முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் ஃபேன் மெதுவாகச் சுற்றியது. அந்த வீட்டில் யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நான் என் ஆம்போடு ஸ்டெபிலைசரையும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுடையது. விலை உயர்ந்த எந்தப் பொருளையும் ஸ்டெபிலைசர் இல்லாமல் செருகக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கும்போதே சொல்லிக்கொடுக்கப்படுவது. அதில் சிவப்பு எழுத்தில் இரண்டு எண்கள் தெரியும். மேலே இருப்பது உள்ளே வருகிற வோல்டேஜ், கீழே இருப்பது வெளியே போவது. மேலே 188, கீழே 230.

"பாத்தீங்களாண்ணே, எவ்வளவு கம்மியா வருது. நீங்களும் ஒண்ணு வாங்கி வைங்க" என்றேன்.

"எம் பொட்டி பழைய சோத்துலயே வளந்துருச்சுடா. அதுக்கு எதுக்கு ஸ்டெபிலைசரு?" என்று தன்னுடையதைச் சுவரில் நேராகச் செருகினார்.

முதலில் அவரவர் ஆம்பில் வாசித்தோம். பிறகு மாற்றி வாசித்தோம். பாய் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்து, விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். முடிந்ததும் சொன்னார்: "ஒண்ணாவதும் நாலாவதும். சுபஹானல்லாஹ், அது அழுவுதுய்யா. மத்த ரெண்டும் சத்தம் போடுது, அம்புட்டுத்தான்."

ஒன்றாவது, அண்ணன் தன்னுடையதில் வாசித்தது. நாலாவது, நான் அவருடையதில் வாசித்தது. என் கையில் குறை இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பாய் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, "பொட்டி தனுஷ்கோடியோடது. அவரே வாசிக்கட்டும். தம்பி ரிதம் போடட்டும்" என்று முடித்துவிட்டார். என் தட்டில் பிசைந்து வைத்த சோற்றை வேறொருவர் எடுத்துச் சாப்பிடுவதைப் போலிருந்தது. பதிவை அண்ணன் வீட்டிலேயே, ஆடித் திருவிழாக்களுக்கு முன்னால், ஜூன் கடைசியில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகுகள் கரையேறின. ஐஸ் கம்பெனி நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது அண்ணனின் ஆம்ப் மேல் பழைய கைலி போர்த்தியிருந்தது.

"வருசா வருசம் இப்படித்தான். தடைக்காலம் வந்தா இதுக்குத் தொண்ட கட்டிக்கிருது" என்றார் அண்ணன். "காத்து மாறுதுல்ல. அதான் லீவு குடுத்துட்டேன். எனக்குத்தான் லீவு இல்ல, என்ஜின் பூராவும் இப்பத்தான் பிரிக்க வருது. அதுவாச்சும் எடுக்கட்டும்."

சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். பிப்ரவரியில் கொண்டுவந்த என் ஆம்பும் ஸ்டெபிலைசரும் இன்னும் அங்கேயேதான் இருந்தன. கைலியை எடுத்துவிட்டு இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தேன். நண்டு கம்பெனி வேலை முடிந்து வந்த பூங்கோதை அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "என்னடா சேது, ரெண்டும் ஒண்ணுபோலயே இருக்கு?"

ஆமாம், ஒன்றுபோலவே இருந்தன. ஸ்டெபிலைசரைப் பார்த்தேன். மேலே 226. ஃபேன் பறந்துகொண்டிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. ஐஸ் கம்பெனி ஓடும்போது அந்த வீட்டுக்கு வருகிற குறைந்த கரண்டில் வால்வுகள் பசியோடு வேலை செய்கின்றன. அதனால்தான் சுரம் பின்வாங்குகிறது, மூச்சு எடுக்கிறது, அழுகிறது. நானோ நல்ல வோல்டேஜ் வருகிற வீட்டில் ஸ்டெபிலைசரும் வைத்து அந்தப் பசியே வராமல் கவனமாகப் பார்த்துக்கொண்டு, சத்தம் வரவில்லையே என்று நான்கு வருடம் குமிழைத் திருகியிருக்கிறேன். அவர் திறமை இல்லை, அவர் செய்த பெட்டியும் இல்லை. லைனில் கடைசி வீடு, அவ்வளவுதான்.

அன்றே ஸ்டெபிலைசரைக் கழற்றி வைத்துவிட்டு, ஐஸ் கம்பெனி மறுபடி ஓடும்வரை நானும் காத்திருந்திருக்கலாம். வோல்டேஜை இறக்கிக் கொடுக்கிற பெட்டி ஒன்றை வாங்கி என் வீட்டிலேயே அந்தச் சத்தத்தை வரவழைத்திருக்கலாம். எனக்கு அது வேண்டும் என்பதைவிட அவரிடம் அது இருக்கக் கூடாது என்பதுதான் முன்னால் வந்து நின்றது. இதை எழுதும்போது கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் சொன்னேன்: "அண்ணே, இந்த ஸ்டெபிலைசர ஒங்க ஆம்புக்கே வச்சுக்கங்க. வால்வு போனா இங்கன கெடைக்காது. எங்க வீட்டுல வோல்டேஜ் நல்லாத்தான் இருக்கு."

அவர் கண் கலங்கினதுபோல் இருந்தது. "கூடப் பொறந்தவன்கூட இப்படி யோசிக்க மாட்டான்டா" என்றார். தானே சுவரில் ஆணி அடித்து, பலகை வைத்து, அதைச் சாமி படத்தின் கீழே ஏற்றினார். நான் என் ஆம்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஜூன் பாதியில் தடைக்காலம் முடிந்தது. ஐஸ் கம்பெனி உறுமத் தொடங்கியது. அண்ணனின் ஆம்ப் மட்டும் லீவிலிருந்து திரும்பவில்லை.

போனில் சொன்னார்: "என்னன்னு தெரியல சேது. காத்து மாறிருச்சு. சத்தம் மாறல."

நேரில் போனேன். அவர் வாசித்தார். தகரத்தை வெட்டுகிற சத்தம். என் சத்தம். நான்கு வருடம் என் அறையில் தனியாகக் கேட்டு வெறுத்தது, அவர் வீட்டில், அவர் விரலிலிருந்து வந்தது. நான் எதிர்பார்த்த இனிப்பு அதில் இல்லை. அவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பிறகு எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி வாசித்தார். விரல் நுனிகளை விளக்கில் காட்டிப் பார்த்தார்.

"ரெண்டு மாசமா கிரீஸ்லயே கெடந்துச்சுல்ல. கை போயிருச்சு போல" என்றார்.

பதிவுக்கு நான்கு நாள் இருக்கும்போது நெய்னா பாய் வந்து கேட்டார். முகத்தைச் சுளிக்கவில்லை, அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை. தாடியை மட்டும் தடவினார். அண்ணனே முந்திக்கொண்டார்: "தம்பி வாசிக்கட்டும் பாய். இப்ப ரெண்டு பொட்டியும் ஒண்ணுதான். அவனுக்குக் கை எளசு."

"அப்ப சரி. இன்ஷா அல்லாஹ், சனிக்கிழமை தம்பி வாசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் பாய்.

நான்கு வருடமாக ஆசைப்பட்டது என் மடியில் விழுந்தது. அண்ணன் ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஆம்பின் பின்பலகையைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"பிரிச்சுப் போட்டுருவோம்டா. டிரான்ஸ்ஃபார்மர் எதுக்காவது ஆகும். இந்தச் சத்தத்துக்கு இம்புட்டுப் பெரிய பொட்டி எதுக்கு?"

ஒவ்வொரு வால்வாகப் பிடுங்கினார். வால்வுகளின் கம்பிக் கால்களில் உப்புப் பூத்திருந்தது. பழக்க தோஷம், பிரிக்கப் போகிற பொருளையும் துடைக்காமல் விட அவருக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றாகத் துணியால் தேய்த்துத் தரையில் நிறுத்திவைத்தார். நாலு வால்வு, ஐந்து வால்வு. இனி அந்தக் குரலை யாரும் கேட்க முடியாது, நானும்தான். எனக்குப் பொறாமைப்படக்கூட ஒன்றும் மிஞ்சாது.

"அண்ணே, அந்த ஸ்டெபிலைசர்..." என்று தொடங்கினேன். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "ஃபிரிட்ஜுக்கு வேணும்ணே. அம்மா கேட்டுச்சு."

அடுப்படியிலிருந்து பூங்கோதை அக்கா எட்டிப் பார்த்தார். "ஒங்க வீட்டுல வோல்டேஜ் நல்லா இருக்குன்னுல்ல சொன்ன?"

"இப்ப... இப்ப கொஞ்சம் கொறையுதுக்கா."

"உச்சிப்புளியில கொறையுதா?" அக்கா என்னையே பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"ஏய், தம்பிகிட்ட என்ன கேள்வி? அவன் பொருளு, அவன் கேக்குறான்" என்றபடி அண்ணனே அதைப் பலகையிலிருந்து இறக்கி, தூசி துடைத்து, என் கையில் கொடுத்தார்.

"பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ வாசிச்சிருங்கண்ணே. தொடச்சது தொடச்சாச்சு" என்றேன்.

அவர் வால்வுகளை மறுபடி பொருத்தினார். சுவரில் நேராகச் செருகினார். சூடேறட்டும் என்று காத்திருந்தோம். ஐஸ் கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் ஃபேன் தயங்கித் தயங்கிச் சுற்றியது. முதல் சுரம் பின்வாங்கியது, மூச்சு எடுத்தது, வீங்கி எழுந்து வீட்டை நிறைத்தது.

அண்ணன் வாசிப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தபடி என்னைப் பார்த்தார். "உப்புடா! வால்வு கால்ல உப்பு ஏறியிருந்துருக்கு! தொடைக்கவும் சரியாப் போச்சு!"

நான் தலையாட்டினேன். பழைய வலி அதே இடத்துக்கு வந்து, கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது. நானே நெய்னா பாய்க்கு போன் போட்டு, சனிக்கிழமை அண்ணனே வாசிப்பார் என்று சொன்னேன்.

இப்போது முதுகுளத்தூர், பரமக்குடி என்று எந்த ஊரில் திரை விலகினாலும் அன்று பதிவு செய்த அந்த இசைதான். அடியில் என் ரிதம் கேட்கும், கவனித்தால். முதல் வரிக்கே கூட்டம் விசில் அடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்த விசில் என் காதில்தான் குத்துகிறது. போன வாரம் மேடையில், விசில் அடங்குவதற்குள் அண்ணன் என் பக்கம் சாய்ந்து காதில் சொன்னார்:

"ஒன் ஸ்டெபிலைசர மட்டும் ரெக்கார்டிங் அன்னைக்கி வச்சிருந்தம்னா, இன்னும் நல்லா வந்துருக்கும்ல?"

"ஆமாண்ணே" என்றேன்.