துண்டு போடாத வண்டி

இலவசத்தை விற்பதுதான் ஆகக் கஷ்டமான வியாபாரம். அதை இன்னும் கஷ்டமாக்கிய ஒருவர் இருக்கிறார். எங்கள் பரிசோதனை வண்டியின் இரண்டு பக்கமும் 'புற்றுநோய் ஆராய்ச்சி' என்று ஆளுயரச் சிவப்பு எழுத்தில் எழுதச் சொன்ன மகானுபாவரே, உங்களைத்தான் சொல்கிறேன். உங்கள் எழுத்துக்குப் பயந்து நாகூரில் ஒரு தாய் மார்பில் கட்டியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் மாட்டுத் தரகன். டிராக்டர் வந்து சந்தை படுத்துப்போன பிறகு, உங்கள் அறக்கட்டளையின் வண்டிக்கு ஆள் திரட்ட வந்தேன். மாட்டு விலையையே நாங்கள் அடுத்தவர் கண்ணில் படாமல் துண்டுக்குள் விரல் பிடித்துத்தான் பேசுவோம். நீங்கள் நோயைத் தெருவில் கூவுகிறீர்கள். வண்டியோடு ஊர் ஊராய் அலைந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

மூன்று டீ

சீர்காழியில் ஒரு டீக்கடை நிழலில் வண்டியை நிறுத்தினோம். கடைக்காரர் டீ கொடுத்தார், காசு வாங்கவில்லை. இன்னொன்றும் வந்தது. தர்மவான் என்று எங்கள் வண்டி டாக்டரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது டீயைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "எத்தனை டீ வேணாலும் குடிங்கண்ணே. வண்டியை மட்டும் எதிர்த்த கடை வாசல்ல போட்டுடுங்க."

நாத்து

திருவிடைமருதூர் பக்கம் ஒரு விவசாயி. புகையிலை அடக்கி அடக்கிக் கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு. துளி சதை எடுத்துப் பார்க்கணும் என்றார் டாக்டரம்மா. தொண்டை வறளப் பேசி, ஆளைப் படிவரைக்கும் ஏற்றிவிட்டேன். அங்கே நின்று 'ஆராய்ச்சி'யை எழுத்துக்கூட்டிப் படித்தார், இறங்கிவிட்டார். நான் கத்தினேன். அவர் கத்தவில்லை.

"விதை ஆராய்ச்சின்னு வந்தவங்களுக்கு ரெண்டு மா வயலக் குடுத்தேன், அத்தனையும் பதரு. இப்ப என் வாயில நாத்து விடப் போறீங்களா?"

தார்ப்பாய்

நாகூர் அம்மாவின் கட்டியைப் பற்றி, வீடு வீடாகப் போன எங்கள் நர்ஸ்தான் வந்து சொன்னது. மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை துபாயில். அவர் வீடு எதிர்வரிசையில். அந்த நோய் உள்ள வீடு என்று பேர் வந்தால் சம்பந்தம் நிற்காது. எழுத்தை மூடிக்கொண்டு வந்தால் ஏறுகிறேன் என்று கதவுக்குப் பின்னால் நின்று சொன்னார். நியாயமான பேரம்.

நெல் மூடுகிற தார்ப்பாய் வாங்கி வண்டியைச் சுற்றிக் கட்டினேன். புடவை விற்கிற வண்டி என்று நினைத்துத் தெருவே திரண்டுவிட்டது. அந்தக் கூட்டத்தோடு அவரும் வந்து படியில் கால் வைத்தார். அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் அனுப்பிய போட்டோக்காரர், நன்கொடை கொடுத்தவர்களுக்குப் படத்தில் எழுத்து தெரியணும் என்று தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்தார்.

அந்தம்மா துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு காலைக் கீழே எடுத்து வைத்தார். பின்னாலேயே ஓடிக் கெஞ்சினேன். நடந்துகொண்டே சொன்னார். "நிக்காஹ் முடியட்டும் தம்பி. அதுவரைக்கும் எனக்கு ஒரு நோயும் இல்ல."

மாப்பிள்ளைக்கு இன்னும் லீவு கிடைக்கவில்லை, கட்டிக்கு லீவே கிடையாது. அதனால் ஐயா, ஒரு டப்பா பெயிண்டோடு நீங்களே நாகூருக்கு வந்து அந்த எழுத்தை உங்கள் கையால் அழித்து, மாட்டுக்குக் காட்டுகிற மரியாதையை மனுஷிக்கும் காட்டுங்கள்.