சென்சாருக்கு வைத்த பொட்டு

கீழ்க்கட்டளை துளசிங்கத்துக்கு அடுத்தவன் நன்றாக இருந்தால் சோறு இறங்காது. இதை அவன் மனைவி கீதாவே சொல்வாள், அவன் காதுபடவே சொல்வாள். அப்பா காலத்து வயல் மனைகளாகி, மனைகள் வாடகை வீடுகளாகி, அவனுக்கு ஒரு குறையும் இல்லை. சர்க்கரை கிடையாது, ரத்தக்கொதிப்பு கிடையாது. ஆனால் எதிர்வீட்டில் புது கேட் மாட்டினால் இவனுக்கு வயிறு எரியும். இருக்கிற வியாதி அது ஒன்றுதான்.

இந்த முறை அதைக் கிளப்பிவிட்டவன் பக்கத்து வீட்டு ஆசிப். டைல்ஸ் கடைக்காரன், துளசிங்கத்தைவிடப் பத்து வயது இளையவன். இரண்டு வீட்டிலும் ஒரே மாடல் பழைய கார், இரண்டுக்கும் ஒரே நோய். ஓட்டுபவன் முன்னால் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தபடியே இருக்கும், பெட்ரோல் தண்ணீராய்ப் போகும். காரணம், ஆக்சிஜன் சென்சார். புகைக்குழாயில் திருகியிருக்கும் விரல் நீளச் சாமான் அது, வண்டிக்கு இரண்டு. புகையை முகர்ந்து பார்த்து, பெட்ரோல் கூடவா குறைவா என்று இன்ஜினுக்குச் சொல்வது அதன் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த ஆசிப், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தான். இரண்டு சென்சாரையும் தானே மாற்றிவிட்டான். விளக்கு அணைந்துபோயிற்று.

மாடியில் துணி காயப்போட்டபடி எல்லாவற்றையும் பார்த்த கீதா, ராத்திரி தோசை போடும்போது சொன்னாள்:

"அந்தத் தம்பி கையில எவ்ளோ வேலை இருக்கு பாருங்க. மெக்கானிக் வாசலையே மிதிக்கல!"

தோசை துளசிங்கத்துக்குத் தொண்டையிலேயே நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவனைப் பற்றி அவள் ஒரு தடவையாவது இப்படி வாய் பிளந்திருப்பாளா? ஆசிப்பின் வண்டி எக்கேடு கெட்டால் என்ன, அவளுடைய அந்த வியப்புதான் அவனைச் சுட்டது. ஒரே ஒரு முறை அவள் தன்னையும் அப்படிப் பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்கு வெறியே பிடித்துவிட்டது.

துளசிங்கமும் தானே சென்சார் மாற்றப்போகும் விஷயம் தெரிந்து ஆசிப் மதில் மேல் எட்டிப் பார்த்தான். "அண்ணே, சென்சாரைக் கழட்டுற என் சாக்கெட்டை எடுத்துக்கங்க. கூடமாட நானும் வரேன்."

"இன்னாத்துக்குப்பா? இது இன்னா பெரிய வித்தையா?" என்று துளசிங்கம் வெட்டிவிட்டான். சாக்கெட், துருவை இளக்கும் எண்ணெய், சென்சார் எல்லாவற்றையும் தானே தேடிப் பிடித்து வாங்கி வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பித்தது. வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாய் லேசாகச் சூடானதும் எண்ணெய் விட்டு ஊறவைத்துத் திருகினான். விரல் முட்டி தோல் உரிந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. ஆனாலும் பழசு இரண்டும் கழன்று வந்துவிட்டன. உள்ளதைச் சொல்ல வேண்டும், அதுவரைக்கும் அவன் வேலையில் குற்றமில்லை.

புதுசை மாட்டும் நேரத்தில்தான் புத்தி கோணியது. மிக்ஸியோ இன்வெர்ட்டரோ, சந்தனம் குங்குமம் வைக்காமல் அந்த வீட்டில் எந்தப் புதுச் சாமானையும் தொடுவதில்லை. ஆசிப் பொட்டு வைத்திருக்க மாட்டான், இதிலாவது நாம் ஒரு படி மேலே நிற்போம் என்று துளசிங்கத்துக்குத் தோன்றியது.

"கீதா, சந்தனம் எடுத்தா!"

அவள் தயங்கினாள். "உள்ள போற சாமானாச்சே. மேலாப்புல வைக்கட்டுமா?"

"மூஞ்சிலதாம்மே வெக்கணும். நல்லா வை!" என்று நுனியை மூடியிருந்த பிளாஸ்டிக் தொப்பியை அவனே பிடுங்கிக் கொடுத்தான். அந்த நுனியில் இருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகள்தான் சென்சாருக்கு மூக்கு. அதில் ஈரச் சந்தனத்தை அப்பி, குங்குமத்தையும் வைத்தால் எது முகரும்? அவள் இரண்டுக்கும் பொட்டு வைத்தாள். அவன் முறுக்கி மாட்டினான்.

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டியதும் விளக்கு அணைந்தது. கிரீஸ் அப்பிய அவன் முகத்தைப் பார்த்து, "பரவாயில்லையே! நீங்களா இது?" என்று கீதா சிரித்தாள். அஸ்தினாபுரத்தில் இருக்கும் அக்காவுக்கு உடனே போன் போட்டுப் பெருமை பேசினாள். துளசிங்கம் குளிர்ந்துபோனான். அன்று சாயங்காலம் ஆசிப்பை அவனாகவே கூப்பிட்டு நலம் விசாரித்தான் என்றால் பாருங்கள்.

அந்தக் குளிர்ச்சி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அக்கா வீட்டுக்குப் போகும் வழியிலேயே மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. திரும்பும்போது வண்டி திக்கித் திணறி வாசலுக்கு வந்து சேர்ந்தது. சத்தம் கேட்ட ஆசிப், கூப்பிடாமலே சாக்கெட்டோடு வந்துவிட்டான். கீதா காபி போடப் போனாள்.

குழாய் சூடு தணிந்ததும் முதல் சென்சாரைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினான் ஆசிப். ஓட்டைகளை அடைத்துக்கொண்டு கருஞ்சிவப்பாக ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"இது இன்னாண்ணே, நுனில?"

நான்தான் வைக்கச் சொன்னேன் என்று சிரித்திருந்தால் தீர்ந்திருக்கும். ஆசிப் முன்னால் தலை குனிவதா? காபியோடு வந்துகொண்டிருந்த கீதாவைத் துளசிங்கம் கைகாட்டினான். "இவதாம்பா. கைய வெச்சிகினு சும்மா கீறாளா? பொட்ட வெச்சி நாசம் பண்ணிட்டா."

கீதா அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்த ஆசிப், கட்டைவிரலால் நுனியைச் சட்டென்று துடைத்தான். "அதெல்லாம் இல்லக்கா. பீஸே மட்டமா இருக்கும். அண்ணன் மாட்டினது பக்கா, நூல்கூட பிசகல."

அது பொய் என்று மூன்று பேருக்கும் தெரியும். இந்தப் பெரிய மனசும் இவனுக்குத்தான் வாய்க்க வேண்டுமா என்று துளசிங்கத்துக்கு அப்போதும் வயிறு எரிந்தது.

கீதா ஆசிப்பின் கையில் டம்ளரைக் கொடுத்தாள். "குடிப்பா" என்று வாஞ்சையோடு சொன்னாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "வைன்னு சொன்னது யாருங்க?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஆசிப் ஒன்றும் கேட்காதவன்போல அடுத்த சென்சாரைக் கழற்றக் குனிந்தான். கேட்காததுபோல் இருக்கக்கூட இவனுக்குத் தெரிந்திருக்கிறதே என்று துளசிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.