தோண்டி முடிய மூடித் தருவம்

என்ரை மனுசன் நல்லாக் கதைப்பார். அதை ஒரு கெட்டித்தனம் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான். "டீச்சர், உங்கடை அவர் கதைச்சால் கல்லும் கரையும்" எண்டு ஆக்கள் சொல்ல எனக்கும் சந்தோசமும் புளுகமுமாத்தான் இருக்கும். கண்டறியாத கெட்டித்தனம். அந்தக் கதையாலைதான் எங்கடை கிணறு போனது.

இவர் இந்தோனேசியாவிலை, கிழக்குக் கலிமந்தான் மாகாணத்திலை, நிலக்கரிச் சுரங்கம் ஒண்டிலை வேலை செய்தவர். நானும் பள்ளிக்கூடத்திலை லீவு எடுத்துக்கொண்டு போய் சமரிண்டா எண்ட பட்டினத்திலை அவரோடை இருந்தனான். ஆறு எண்டு சொல்ல ஒண்டும் இல்லாத யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியிலை பிறந்தவளுக்கு மகாகம் ஆத்தைக் காட்டினால் எப்பிடி இருக்கும்? முதல் கிழமை முழுக்க யன்னலடியிலைதான் நிண்டன். கரியை மலை மாதிரி ஏத்தின தட்டைப் படகுகள் வரிசையாப் போகும். முன்னாலை ஒரு சின்னப் படகு மூச்சு வாங்கி வாங்கி இழுத்துக்கொண்டு போகும்.

என்ன இல்லை அந்த மண்ணிலை. மேலை காடு, கீழை கரி, எண்ணெய், எரிவாயு. பெரிய பாலம், பெரிய பள்ளிவாசல், குளிரூட்டின கடையள் எண்டு பட்டினம் நாளுக்கு நாள் ஊதிக்கொண்டே போச்சுது. இப்ப நாட்டின்ரை புதுத் தலைநகரத்தையும் அந்த மாகாணத்துக் காட்டுக்குள்ளைதான் கட்டுறாங்கள். எங்கடை வீட்டுக் குழாயிலை மட்டும் தண்ணி தன்ரை எண்ணத்துக்குத்தான் வரும்.

ஞாயிறு எண்டால் இவர் என்னைக் கூட்டிக்கொண்டு ஆத்தோடை மேலை போவார். அங்கை ஒரு ஊர்ச்சனம் முழுக்க ஒரே கூரைக்குக் கீழை இருக்கிற நீள வீடுகள் இருக்கு. காது தோளிலை முட்ட வளையம் போட்ட கிழவியள் என்ரை தோட்டைப் பிடிச்சுப் பாத்து, உவ்வளவு சின்னனோ எண்ட மாதிரிச் சிரிப்பினம். இருவாச்சிக் குருவியின்ரை இறகுகளைக் கையிலை விரிச்சுக்கொண்டு பெண்டுகள் ஆடுவினம். கால் நிலத்திலை படுதோ இல்லையோ எண்டு தெரியாது. பல்லவ எழுத்திலை வெட்டின பழைய கல்தூண்களின்ரை பிரதியளையும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினவர். கடல் தாண்டி வந்து சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது. என்னிலை எவ்வளவு விருப்பமெண்டால் இப்பிடிக் காட்டிக்கொண்டு திரிவார் எண்டு நான் உச்சி குளிர்ந்துபோய் இருந்தனான்.

போற இடத்திலை அவருக்கு வேலையும் இருந்தது. சுரங்கத்துக்குக் காணி கேக்கிற வேலை. ஊராக்கள் பாயிலை இருத்தி இனிப்புத் தேத்தண்ணி தருவினம். அதைக் குடிச்சு முடிக்காமல் ஒருத்தரும் விசயத்தை எடுக்க மாட்டினம். இவர் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சு, கிளாசைக் கீழை வைச்சு, வலக்கையை நெஞ்சிலை வைச்சு அவையின்ரை பாசையிலை சொல்லுவார்: "தோண்டி முடிய மூடித் தருவம்." அந்தப் பாசையிலை எனக்குப் பாடமான முதல் வசனமே அதுதான்.

ஒண்டையும் மூடேல்லை. மிளகுத் தோட்டம் வைச்சிருந்த ஒரு மனுசி ஒருநாள் என்ரை கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனா. தோட்டம் இருந்த இடத்திலை பச்சைத் தண்ணியோடை ஒரு பள்ளம். பக்கத்திலை இருந்த கிணத்திலை தண்ணி அள்ளி என்ரை உள்ளங்கையிலை ஊத்தினா. வாயிலை வைச்சன், புளிச்சுது. நான் வந்து சொல்ல, அண்டைக்கு இவர் சாப்பிடேல்லை. "பாவங்கள், ஏமாத்திப்போட்டம். இந்த வேலையை விடப்போறன். அதுவரைக்கும் என்னோடை நில்லும்" எண்டு கண் கலங்கினவர். நானும் நம்பி, ஊருக்குத் திரும்புற வரைக்கும் அவரோடை ஊரூராப் போனன்.

இஞ்சை ஊரிலை எங்கடை கிணறு பங்குக் கிணறு. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எங்களுக்கும் பொது. காலமை இறைப்பு அவவுக்கு, பின்னேரம் எங்களுக்கு. புருசன் இல்லாத மனுசி, அந்தத் தண்ணியிலை வெங்காயம் வைச்சுத்தான் பிள்ளையளைப் படிப்பிக்கிறா. சுத்தவரக் கிடக்கிற கிணறுகளெல்லாம் உவர், இது மட்டும் இளநி மாதிரி. பின்னாலை கிடக்கிற கல்லுக்காணியாலை வந்த புண்ணியம் அது. அந்தச் சுண்ணக்கல்லு மழையைக் குடிச்சு வைச்சிருந்து கிணத்துக்குக் குடுக்கும். கல்லைக் கிண்டினால் கீழை கிடக்கிற உப்புத்தண்ணி மேலை வந்திடும். இதை எனக்கு விளங்கப்படுத்தினவரும் இவர்தான். கல்லுக்காணியிலை பாதி அக்கான்ரை, பாதி இவரின்ரை தாய் வழி முதுசச் சொத்து.

போன வருசம் மாசியிலை ஒருநாள், "இஞ்சாரும், கொழும்பிலை இருந்து ரண்டு பேர் வருகினம். அக்காவையும் ஒருக்கால் வரச் சொல்லும். நீர் கூப்பிட்டால்தான் அவ வருவா" எண்டார். விவசாயக் கந்தோர் ஆக்களாக்கும் எண்டு நினைச்சு நான் வடையும் சுட்டன். தேத்தண்ணியைக் குடுத்திட்டு, வடை எடுத்துக்கொண்டு திரும்பி வாறன், இவர் கோப்பையைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சுக் கீழை வைக்கிறார். வலக்கை நெஞ்சுக்குப் போகுது.

"கல்லை இவை சீமெந்துக்குக் கொண்டு போவினம் அக்கா. தோண்டி முடிய மூடித் தருவம். பேந்து அதிலையும் நீங்கள் வெங்காயம் வைக்கலாம்."

அக்கா அவரைப் பாக்கேல்லை, என்னைப் பாத்தா. "டீச்சர் இருக்கிற வீட்டிலை எனக்கென்ன பயம். ஓம், செய்யுங்கோ" எண்டா.

"அக்கா, பொறுங்கோ" எண்டன் நான்.

"இவவுக்கு வடை ஆறிப்போகுமெண்டு அவசரம்" எண்டு இவர் சொல்ல, எல்லாரும் சிரிச்சினம்.

அவை போனோடனை கேட்டன், "அங்கை சொன்ன பொய்யை இஞ்சையும் சொல்ல உங்களுக்கு வாய் கூசேல்லையே?"

"உது தொழில். சனம் கேக்க விரும்புறதைத்தான் சொல்லுறது."

"அப்ப அண்டைக்கு அழுதது?"

"அழாட்டில் நீர் பிறகும் என்னோடை வந்திருப்பீரே?" எண்டார், ஒரு கூச்சமும் இல்லாமல். "அந்தப் பெண்டுகள் என்னையே நம்பினவை? பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு வாற மனுசன் பொய் சொல்ல மாட்டான் எண்டெல்லோ நம்பினவை."

அந்த ஆறு, அந்த ஆட்டம், என்ரை தோட்டைப் பிடிச்சுச் சிரிச்ச கிழவியள், எல்லாத்தையும் ஒரு நிமிசத்திலை என்னட்டை இருந்து பறிச்சுப்போட்டார். நான் என்னடாவெண்டால் எனக்குக் காட்டுறார் எண்டு நினைச்சிருக்கிறன். அவர் என்னையெல்லோ காட்டிக்கொண்டு திரிஞ்சிருக்கிறார்.

அடுத்தநாள் விடிய, அக்கான்ரை இறைப்பு முறையிலை கிணத்தடிக்குப் போய் எல்லாத்தையும் சொன்னன். பச்சைப் பள்ளம், புளிச்ச தண்ணி, ஒண்டும் விடேல்லை. அக்கா வாய்க்காலைத் திருப்பிவிட்டுக்கொண்டே கேட்டா.

"புருசன் பெண்சாதிக்குள்ளை ஆயிரம் இருக்கும் டீச்சர். அந்தக் கோவத்திலை அவரைப் பற்றி என்னட்டை உப்பிடிச் சொல்லாதேங்கோ. உங்கடை வீட்டிலை இருந்து தேத்தண்ணி குடிச்சு ஓம் எண்டிட்டன். விடிஞ்சோடனை மாத்திக் கதைக்கிறதே?"

எங்கடை சனத்துக்கு முகத்தை முறிக்கத் தெரியாது. அது தெரிஞ்சுதான் இவர் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டவர்.

பேந்தென்ன, மிசின் வந்துது, லொறி வந்துது. நானும் சொல்லவேண்டிய இடமெல்லாம் சொல்லிப் பாத்தன். காணிக்காரர் ரண்டு பேரும் சம்மதமெண்டால் நான் ஆர் கேக்க? கல்லு முடிய லொறி வரத்து நிண்டுது. பள்ளத்திலை தண்ணி ஊறிச்சுது, அங்கை கண்ட அதே பச்சை. இவர் வேறை இடத்திலை வேலையெண்டு மன்னார்ப் பக்கம் போயிட்டார். போன் எடுத்தால் "மூடுவினம், பொறும்" எண்டுறார்.

இந்த வைகாசியிலை அக்கான்ரை வெங்காயத் தாள் நுனி கருகத் தொடங்கிச்சுது. தோட்டம் முழுக்கக் கருகி முடிய, ஒருநாள் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டா. போனன். கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி கொண்டந்து வைச்சா. சீனி நிறையப் போட்டிருந்தா. அப்பிடியும் உப்புக் கரிச்சுது.

அவ முன்னாலை இருந்து என்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருந்தா. நான் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சுக் கோப்பையைக் கீழை வைச்சன்.

"அங்கையும் இப்பிடித்தான் இருந்ததோ டீச்சர்?"

"அங்கை புளிச்சது அக்கா" எண்டன்.